தோலில் ஒரு ஜன்னல்

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு ஷூ கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக அப்பர் வரும். ஷூவின் மேல்பக்கத் தோலுக்கு அதுதான் பெயர். அம்மா அதைக் கையால் தைத்துக் கொடுப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்புவரை வந்தும்விட்டேன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேல் வரியில் ஆரம்பித்துக் கீழ் வரியில் போய் முடிப்பேன். நான் வாசிக்க எழுந்தாலே வகுப்பில் சிரிப்புதான்.

"இவ படிச்சா, அசோகர் நட்ட மரத்துல அக்பர் ஏறுவாருடி" என்பாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

பத்தாவது பாஸானால் மேலே படிக்கலாம். இல்லாவிட்டால் தையல்தான். அம்மா மிரட்டவில்லை. எனக்கென்று ஒரு ஊசி மட்டும் வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் சரித்திரப் புத்தகம் தரையில் திறந்து கிடந்தது. ஓரம் கிழிந்த கறுப்புத் தோல் ஒன்றை அம்மா கழித்துப் போட்டாள். அது புத்தகத்தின்மேல் வந்து விழுந்தது. வார் நுழைய நடுவில் நீளமாக வெட்டியிருந்த தோல். அந்த ஓட்டை வழியே ஒரே ஒரு வரி தெரிந்தது. மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. வரி அசையவே இல்லை. தடுக்காமல் வாசித்தேன்! துண்டைக் கீழே நகர்த்தினேன். அடுத்த வரியும் அப்படியே நின்றது.

"கிழிஞ்ச தோல வெச்சிகினு இன்னாடி பண்ற?"

"படிக்கிறேம்மா."

"கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்றது?"

"ரிஜெக்ட் பீசு வேலைக்குப் போய்டுச்சுன்னு சொல்லு."

அன்றிலிருந்து ஜன்னலை இறக்கி இறக்கிப் படித்தேன். படித்ததை உரக்கச் சொல்வேன். அம்மா தைத்துக்கொண்டே கேட்பாள். பரீட்சை வருவதற்குள் பானிபட் போர் அவளுக்கும் மனப்பாடம். "நேத்து பாபர் ஜெயிச்சாரே, இன்னிக்கி ஏன்டி தோத்தாரு?" என்று பிடித்துவிடுவாள்.

பரீட்சை ஹாலில் தோலை எடுத்ததுமே மேற்பார்வையாளர் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னாம்மா இது, பிட்டா?"

"தோல் சார்."

திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மோந்துகூடப் பார்த்தார். எனக்கு அது இல்லாமல் கேள்வியைக்கூட ஒழுங்காக வாசிக்க முடியாது.

"இதுல ஒண்ணுமே இல்லியே?"

"ஓட்டை மட்டும்தான் சார்." வாங்கி வினாத்தாளில் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"சரி எழுது. ஓட்டையக் கொண்டாரக்கூடாதுன்னு ரூல்ஸ் எதுவும் இல்ல."

ரிசல்ட் வந்த காலை, டீக்கடைப் பேப்பரைச் சுற்றி ஒரே கூட்டம். பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் பாஸானவர்களின் எண்கள், எறும்புக் கூட்டம்போல. அம்மாவும் தைப்பதைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"படிச்சவங்க யாரையாவது பாக்கச் சொல்லுடி."

"நான்தாம்மா படிச்சவ."

தோலை வைத்து மெல்ல இறக்கினேன். பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் எண் ஜன்னலுக்குள் வந்து நின்றது. நன்றாக, நேராக நின்றது.

"உன் நம்பரு கீதாடி?"

"கீதும்மா!"

அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. ஓட்டைக்குள் விரலை விட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது. அதை அவள் துடைக்கவில்லை.

"ஏய், அந்தத் தோலக் கொஞ்சம் குடுடி. என் நம்பர் கண்ணுலயே மாட்டல." பக்கத்து பெஞ்சுக்காரிதான்.

நான் நீட்டுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பாத்துப் புடிம்மா. கம்பெனி மாலு அது!"