லீவு நாளில் வந்த செம்மண்

காலை ஆறு மணி, மூன்று லாரி, ராஜாமணி. நகர நிருபர் வேலையில் ஒரு செய்தியைத் தேடிப் போக இவ்வளவு போதும். ஜானகி போனில் சொன்னதும் அவ்வளவுதான்.

கரமனை அக்ரகாரத்தின் கடைசி வீடு ஜானகியுடையது. அடுக்களையில் சமைத்து ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார், அதுதான் வருமானம். வீட்டுக்குப் பின்னால் ராஜாமணியின் பள்ளமான வயல், அதற்கப்பால் ஆறு. மழைத் தண்ணீர் வயலில் நின்று மெதுவாக ஆற்றில் இறங்கும். வயல் மேடானால் அந்தத் தண்ணீர் எங்கே வரும் என்று, வாசலில் செருப்பு மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

நல்ல நாள்

அன்று இரண்டாம் சனிக்கிழமை. வில்லேஜ் ஆபீஸ் கிடையாது. தடை உத்தரவு தர ஆள் இல்லை. எங்கள் ஊரில் நெல்வயல்கள் பெரும்பாலும் விடுமுறை நாட்களில்தான் மேடாகும். செம்மண் கொட்டிக்கொண்டிருந்த மார்த்தாண்டத்து டிரைவரிடம், சனிக்கிழமையுமா வேலை என்று கேட்டேன்.

“ஆபீஸு பூட்டுன நாளுதான் அண்ணாச்சி எங்களுக்கு வேல நாளு.”

வாழைத்தோட்டம்

திங்கட்கிழமை வில்லேஜ் ஆபீசர் வந்தார். சட்டப்படி நெல்வயலை அனுமதியின்றி நிரப்பக் கூடாது. ராஜாமணி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, விதிகள் தெரிந்தவர். மண் விழாத பாதியில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வாழைக்கன்று நட்டிருந்தார். “இது வயலே இல்லை சார், தோட்டம்” என்றார். ஆபீசர் கன்றுகளைப் பார்க்க இறங்கினார். சேற்றில் முழங்கால்வரை போனார். ஏறி வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை.

“சாரே, தோட்டம் இருக்கட்டும். முதல்ல என் செருப்பை எடுத்துத் தாங்க.”

தடை உத்தரவு அன்றே வந்தது. ஆனால் கொட்டிய மண் அங்கேயே கிடந்தது. அடுத்த மழையில் ஜானகியின் அடுக்களையில் கணுக்கால் தண்ணீர். அன்று சாப்பாடு போகவில்லை.

அத்திம்பேர்

மண்ணை அகற்றுவதா வேண்டாமா என்று கலெக்டர் ஆபீஸில் விசாரணை. புகார் கொடுத்த ஜானகி மைத்துனி, எதிர்த்தரப்பு ராஜாமணி அவருடைய அக்கா கணவர். நடுவில் அக்கா கோமதி.

“பெங்களூர்ல இருக்கற பையன் வந்து குடியிருக்க ஒரு ஆம் கட்டணும். வெள்ளம் அதுபாட்டுக்கு வேற வழியாப் போகும்” என்றார் ராஜாமணி.

“அந்த வழி என் அடுக்களையா அத்திம்பேரே?” என்றார் ஜானகி.

அதிகாரி இருவரையும் அமைதிப்படுத்தப் பார்த்தார். கோமதி எழுந்து, தங்கையின் பக்கத்தில் போய் நின்றார். பேசியது கணவரிடம்.

“பையன் வரமாட்டேன்னு சொல்லியாச்சு, கேட்டேளா? வரப்போற வெள்ளத்துக்காவது இடம் விடுங்கோ.”



திரும்பிப் போனது

மண்ணை அள்ளும்படி உத்தரவானது. ராஜாமணி அதே லாரிகளை வரச்சொன்னார், புதன்கிழமை பட்டப்பகலில். அதே டிரைவர். இன்று லீவு இல்லையே என்றேன்.

“லீவு நாள்ல அள்ளுனா களவுன்னு சொல்லுவாவ அண்ணாச்சி!”

பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் நகரத் திட்டம் பற்றி நான் செய்தி எழுதாத கருத்தரங்கம் இல்லை. கரமனையில் அதை நடத்திக் காட்டியது இரண்டு சகோதரிகளின் வாய்.

ஜூன் முதல் வாரம் மழை தொடங்கியது. தண்ணீர் வயலில் நின்றது. ஜானகி வீட்டுச் சாப்பாடு நேரத்துக்குப் போனது.