தெற்குப் பக்கத்து வாசல்

டிரைவர் அண்ணனை நினைத்தால், வாளியில் கொண்டுவந்த சுண்ணாம்புப் பொடியால் அவர் தரையில் போட்ட இரண்டு கோடுகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. அவர் ஓட்டும் தீயணைப்பு வண்டியின் பின்சக்கரங்கள் எந்த வழியில் வரும் என்பதற்கான கோடுகள் அவை. திண்டுக்கல் ஓரத்தில் புதிய தீயணைப்பு நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான் அங்கே கொத்து வேலை பார்த்தேன். தங்கல் சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

வரைபடத்தில் வண்டிக் கூடத்துக்கு இரண்டு வாசல்கள். திரும்பி வரும் வண்டி பின்வாசலில் நுழைந்து சாலையைப் பார்த்து நிற்கும். அடுத்த அழைப்புக்கு அப்படியே கிளம்பலாம். பின்வாசல் தெற்கே இருந்தது. ஆகாது என்று மேஸ்திரி அடைக்கச் சொன்னார். அடைத்தவன் நான்தான். வரைபடம் என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை.

சுவர் தோளளவு வந்தபோது டிரைவர் அண்ணன் பார்க்க வந்தார்.

"மேஸ்திரி, இத எதுக்கு அடைச்சீக?"

"தெக்கு வாசல் எம வாசல், அப்பு. நாளைக்கு ஏதாச்சும் ஆனா என்னையத்தான் சொல்லுவாக."

"வடக்கு வாசல்லயே ஆயிப்போச்சு, மேஸ்திரி."

பழைய நிலையத்துக்கு வடக்கே ஒரே வாசல்; வண்டியைப் பின்னோக்கித்தான் உள்ளே விட வேண்டும். பின்னால் நின்று விசிலடித்து வழிகாட்டிய கூட்டாளியை, இவர் ஓட்டிய வண்டியே சுவரோடு நெருக்கிவிட்டது. ஒரு கால் போனது. அந்தக் கூட்டாளி இப்போது நிலையத்தில் போன் எடுக்கிறார். டிரைவர் அண்ணன் இதைக் குரல் மாறாமல் சொன்னார். மேஸ்திரி அசையவில்லை.

மறுநாள் காலை டிரைவர் அண்ணன், தண்ணீர் நிரப்பிய வண்டியோடு வந்து, கூரையில்லாத கூடத்தில் கோடு போட்டு, அடைத்த சுவரோரம் மேஸ்திரியை நிறுத்தி விசிலைக் கொடுத்தார்.

"செத்த நேரம் நில்லுங்க, போதும்."

வண்டி ஊர்ந்து பின்னால் வந்தது. பாதித் தூரம் வருவதற்குள் மேஸ்திரி விசிலைப் போட்டுவிட்டு ஓரமாகத் தாவினார்.

"என்ன மேஸ்திரி, கோடு இன்னும் அம்புட்டுத் தூரம் கெடக்கே?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ஏலே, சிரிச்சது போதும். கடப்பாரைய எடு."

நான் இடிக்கும்போது டிரைவர் அண்ணன் பக்கத்திலேயே நின்று மேஸ்திரியிடம் சொன்னார்: "மேல்விட்டத்த ஒரு முழம் ஒசத்திப் போடச் சொல்லுங்க. வரப்போற வண்டியெல்லாம் பெருசா இருக்கும்."

பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சுவர்கள். போன மாதம் நான் வந்த பஸ் அந்த நிலையத்துக்கு எதிரே நெரிசலில் நின்றது. டிரைவர் அண்ணன் ஓய்வு பெற்றிருப்பார். எங்கோ தீயை அணைத்துவிட்டு, அவர் ஓட்டியதைவிடப் பெரிய வண்டி ஒன்று ஈரம் சொட்ட வந்தது. கட்டடத்தைச் சுற்றிப் போய்த் தெற்கு வாசலில் நுழைந்து, சாலையைப் பார்த்து நின்றது. ஓட்டியவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் யாரும் நிற்கவும் இல்லை.