பத்துப் பொருத்தமும் ஒரு காப்புரிமையும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து விநாயகமூர்த்தி இரயில்வேயில் கால அட்டவணை எழுதி ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய நேரத்திற்கு எந்த வண்டியும் வந்ததில்லை. ஆயினும் கணக்கில் தமக்கு நிகர் தாமே என்னும் எண்ணம் அவரைவிட்டு அகன்றதுமில்லை. 1991இல் கணினி ஒன்று வாங்கி, இரண்டு சாதகங்களை இட்டால் பத்துப் பொருத்தமும் நொடியில் உரைக்கும் நிரலை எழுதினார். பெண்ணைப் பெற்றோர் வாசலில் திரண்டனர். நான்கு திங்களுக்குள் பக்கத்து நகரமான கிள்ளானில் அச்சகம் நடத்தும் தம்புசாமி அந்நிரலைப் படியெடுத்துத் தாமும் கடை விரித்தார்.

அவரைத் தடுக்கக் காப்புரிமை வேண்டும். விநாயகமூர்த்தி, காப்புரிமை முகவர் ஜெயராஜை நாடினார்.

"அங்கிள், மனசுக்குள்ள போடற கணக்குக்கு பேட்டண்ட் தரமாட்டாங்க லா. மெஷின் என்னமோ செய்யணும். ஒரு பல்ப் மாட்டுங்க. பொருந்தினா பச்சை, இல்லன்னா சிவப்பு."

"கல்யாணம் என்ன டிராபிக் லைட்டா, தம்பி?"

கேலி பேசினாலும் விளக்கை மாட்டினார். விளக்கில்லாதபோது வெறும் எண்ணமாய் இருந்தது, ஐம்பது சென் காசு விலையுள்ள விளக்கு எரிந்ததும் இயந்திரமாயிற்று. ஆனால் விண்ணப்பத்தில் விநாயகமூர்த்தி பக்தி மேலிட்டுத் தாமே ஒரு வரி சேர்த்துவிட்டார்: 'இம்முறை முனிவர் அருளியது, யான் அணுவளவும் மாற்றவில்லை.'

ஆய்வு அதிகாரி விளக்கை ஏற்றார். அவ்வரியின் கீழ்க் கோடிட்டு, 'அவ்வாறாயின் இதில் புதியது யாது?' என்று வினவி எழுதினார்.

ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "இத யாரு அங்கிள் எழுதச் சொன்னது? 'எல்லாம் நானே கண்டுபிடிச்சது, முன்ன யாருக்கும் தெரியாது'ன்னு லெட்டர் போட்டாதான் கேஸ் நிக்கும்."

"பாவம் தம்பி அது."

"அப்ப கூட்டமெல்லாம் தம்புசாமிகிட்டயே போகட்டும்."

நாள்தோறும் தேவாரம் ஓதி நீறு பூசும் நெற்றி ஒரு கணம் சுருங்கியது. பின்னர்க் கை ஒப்பமிட்டது. முனிவர் எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. முத்திரையோடு காப்புரிமை வந்தது.

அதை ஏந்திக் கிள்ளானுக்கு விரைந்தார். தம்புசாமியின் கடையில் ஏழெட்டுப் பேர் சாதகங்களோடு நின்றிருந்தனர்.

"நிப்பாட்டுங்க! இது என் கண்டுபிடிப்பு. கவர்மெண்ட் சீல் இருக்கு!"

தம்புசாமி அசையவில்லை. காப்புரிமைக் கோப்பை எவரும் பார்க்கலாம், அவர் பார்த்திருந்தார். விநாயகமூர்த்தியின் கடிதத்தைத் தமிழாக்கத்தோடு கடைக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தார்.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே? கொஞ்சம் படிங்களேன்."

விநாயகமூர்த்தி படிக்கவில்லை. வரிசையில் நின்ற நல்லம்மாள் என்னும் அம்மாள் படித்தார். "ஐயையோ, முன்ன யாருக்கும் தெரியாததாமே! பாஸ், உங்களோடது பழசுதானே?"

"சுத்தப் பழசு, அக்கா. முனிவர் சொன்னது."

"பொய்! அவர் வச்சிருக்கறதும் நான் எழுதினதுதான்! ரெண்டும் ஒண்ணு!" என்று விநாயகமூர்த்தி கத்தினார்.

நல்லம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டுமே வேணாம். நான் கோயில் ஐயர்கிட்டயே போறேன்."

மற்றவர்களும் சாதகங்களை மடித்துக்கொண்டு பின்தொடர்ந்தனர். தம்புசாமியின் வியாபாரம் அன்றே நின்றது. செய்தி பரவி, பிரிக்பீல்ட்ஸில் விநாயகமூர்த்தியின் வியாபாரமும் அந்த வாரமே நின்றது.