மணல் நிரப்பிய பெஞ்சு

நெய்வேலி குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்குச் சுரங்கத்தின் வெடி கேட்பதில்லை. பகல் ஷிப்ட் முடிவதற்குச் சற்று முன் தரை அடியிலிருந்து ஒருமுறை அசையும். ஜன்னல் கண்ணாடிகள் சிலிர்க்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் அம்மா கண்ணாடி டம்ளர்களுக்கு இடையே பழைய துணியைச் செருகி வைத்திருப்பார். ஜன்னல் சட்ட இடுக்குகளில் மடித்த செய்தித்தாள் இருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். அதிர்வதை அடக்கிவைப்பது எங்களுக்கு வீடு பெருக்குவதைப் போல ஓர் அன்றாட வேலை.

அறைகலன் வடிவமைப்பில் பட்டம் பெற்று ஊர் திரும்பிய ஆண்டில், ஒரு சிஸ்டர் நடத்திவந்த குழந்தைகள் காப்பகத்திற்குச் சில சாமான்கள் செய்துதர ஒப்புக்கொண்டேன். அங்கே வந்தவை பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் குழந்தைகள். அவர்களில் ஒருத்திக்கு இரண்டு வயது நெருங்கியிருந்தது. நிற்பாள், ஆனால் பிடித்ததை விடமாட்டாள். கால்களில் குறையேதும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா சுரங்க கேன்டீனில் பகல் ஷிப்ட் வேலை பார்த்தார்; வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை. ஜூன் மாதம் முதல் தானாக நடக்கும் குழந்தைகளை மட்டுமே சேர்ப்பதாகக் காப்பகம் முடிவு செய்திருந்தது. அதற்குள் அவள் நடக்காவிட்டால் அம்மாவின் வேலை போய்விடும்.

"ஆயாம்மா ஒருத்தங்கதான் இருக்காங்கம்மா," என்றார் சிஸ்டர் அந்த அம்மாவிடம். "அவங்க இடுப்புல ஒண்ண வெச்சிக்கிட்டு நின்னா, மத்ததுங்க ரோட்டுக்குப் போயிடும். நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"கேன்டீன்ல வுட்டா நானே இடுப்புல வெச்சிக்கினு கரண்டி புடிப்பேன் சிஸ்டர். சாம்பார்ல வுழுந்துட்டா எக்ஸ்ட்ரா காய்னு பரிமாறிடுவாங்க." சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க செய்யற பெஞ்சு எம்பொண்ண நடக்க வெச்சிடுமாங்க?"

"பெஞ்சு நடக்க வைக்காதுங்க. அவளுக்கா நடக்கணும்னு தோணுறப்போ பிடிச்சிக்க இருக்கும்."

குழந்தையின் நெஞ்சு உயரத்தில் சுவரோரமாக ஒரு நீண்ட பெஞ்சு. விளிம்பை அவளுடைய கைப்பிடிக்குள் அடங்கும்படி தச்சரிடம் சொல்லி உருட்டி இழைக்கச் செய்தேன். மேற்பரப்பில் கயிற்றுப்பாய், கோணி, வழவழப்பான மரம், ரப்பர் எனத் துண்டு துண்டாக ஒட்டினோம். கை நகர நகர உணர்வு மாறினால் கால்களும் பின்தொடரும் என்பது கணக்கு. புளியங்கொட்டைகளையும் பதிக்க நினைத்தேன். எதையாவது ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். தட்டினால் ஒலிக்கட்டும் என்று உட்பகுதியைப் பெட்டி போல வெறுமையாக வைத்தேன். பெஞ்சு வாசல்வரை செல்லாது. அதன் முனைக்கும் கதவுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள ஏதுமற்ற சிறு இடைவெளி. அதைத்தான் அவள் கடக்க வேண்டும்.

பிடித்துக்கொண்டு நகரத் தொடங்கினாள். முனை வந்ததும் நின்றுவிடுவாள். ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. வெடி வைக்கும் நேரத்தில் அவள் அப்படியே உறைந்து நிற்பாள். இரண்டு உள்ளங்கைகளையும் பெஞ்சின் மீது விரித்து வைத்திருப்பாள். சில நாள் கன்னத்தையும் சாய்ப்பாள். இமைகூட அசையாது.

"பயந்துக்குது பாப்பா," என்றார் ஆயாம்மா. "பொட்டிக்குள்ள ஏதோ உறுமுதுன்னு நெனைக்குது."

மறுநாள் அவளருகே மண்டியிட்டு நானும் கைவைத்தேன். வெற்றுப் பெட்டிக்குள் அதிர்வு பெருகி மேலே ஏறிவந்தது. கீழே யாரோ தோள்கொடுத்துப் பலகையைத் தள்ளுவது போலிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த அதிர்வின் மேல்தான் உண்டிருக்கிறேன், உறங்கியிருக்கிறேன். கையை எடுத்த பின்னும் அது மணிக்கட்டில் நெடுநேரம் இருந்தது. அன்று மாலையே பெஞ்சின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே மணல் மூட்டைகளை அடைத்துவிட்டோம். யாரும் மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. இந்த ஊரில் யார் சொல்வார்கள்?

அடுத்த வெடிக்கு ஜன்னல்கள் மட்டும் நடுங்கின. பெஞ்சு பேசவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தாள். கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஓங்கி அடித்தாள். அடைத்த மரம் சத்தமே தரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கீழே உட்கார்ந்தாள். அதன் பின் வந்த நாட்களில் அவள் பெஞ்சைத் தொடவில்லை. மறுபடியும் தவழத் தொடங்கினாள். மே மாதம் முடியப்போகிறது.

அந்த வாரம் அவளைக் கூட்டிப்போக வந்த அம்மா வாசலிலேயே நின்றார். "முன்னல்லாம் நான் வரதுக்குள்ள கதவையே பாத்துகினு நிப்பா. இப்ப ஏன் செவுத்தப் பாத்து உக்காந்துகினு இருக்கா?"

முதலில் வெடி. பிறகு ஷிப்ட் முடியும். பிறகு அம்மா வருவார். நாள்தோறும் இதே வரிசை. அவள் பயந்து நிற்கவில்லை, காத்திருந்தாள். நான் நினைத்ததைச் சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடியே, ஊரே அதுர்ற அளவுக்கா ஒங்கம்மா நடந்து வரேன்?"

அன்றே மணலை வெளியே எடுத்தோம்.

மறுநாள் தரை அசைந்தபோது பெஞ்சு முழங்கியது. அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தவழ்ந்து வந்து, விளிம்பைப் பற்றி எழுந்து, கைகளை விரித்து வைத்தாள். முகம் கதவை நோக்கித் திரும்பியது. கோணி, மரம், ரப்பர் என்று கைமாற்றிக்கொண்டே முனைவரை வந்து நின்றாள். அம்மா வாசலுக்கு வந்ததும், கைநீட்ட வேண்டாம் என்று சிஸ்டர் சைகை காட்டினார். அம்மா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒரு கையை விட்டாள். மற்றதையும் விட்டாள். சாய்ந்து, சமாளித்து, நடந்து, அம்மாவின் முழங்காலில் போய் மோதினாள்.

"இனிமே இடுப்பு காலி," என்று ஆயாம்மா கைதட்டினார்.

அழுகையும் சிரிப்புமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அம்மா, செருப்பை மாட்டும்போது சாதாரணமாகச் சொன்னார்: "அந்த வெடி எங்க ஊரு பக்கந்தாங்க வெக்கிறாங்க. சொரங்கப் பள்ளம் கிட்ட வந்துடுச்சு. எங்க வூட்டுக் கொல்லையில நின்னா தெரியுது. அடுத்த வருசம் நாங்கல்லாம் வேற எடம்."

அவர்கள் போன பிறகு பெஞ்சின் மீது கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அடிவாங்கிய மண்ணின் நடுக்கத்தைத்தான் அந்தக் குழந்தை அம்மாவின் வருகையாகப் படித்திருந்தாள். அவளுடைய வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்ததும் அதே நடுக்கம். அதன் மீது என் வெற்றுப் பெட்டியை வைத்து அதைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், அவள் நடந்தாள், அம்மாவின் வேலை தப்பியது. மணலை அப்படியே விட்டிருக்க வேண்டுமா என்று பலமுறை எடைபோட்டிருக்கிறேன். தட்டு ஒரு பக்கமும் நிலைத்து நிற்கவில்லை.

மறுவருடம் அவர்களுடைய ஊர் காலியானது. அப்போது நான் வேறு நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சிஸ்டர் ஒருநாள் தொலைபேசியில் பேசினார். புது இடத்திலிருந்தும் அவளை அம்மா அங்கேதான் கொண்டுவந்து விடுகிறாராம். வெடி இப்போது தொலைவுக்குப் போய்விட்டதாம். காப்பகத்தில் எதுவும் அசைவதில்லையாம்.

"பாப்பா நல்லா ஓடுறாம்மா, பிடிக்கவே முடியல. ஆனா சாயந்தரம் நெருங்குனா வந்து பெஞ்சுல கைய வெச்சிக்கிட்டு நிக்கிறா. அம்மா வந்து கூப்பிட்டாலும் உடனே வர்றதில்ல. 'இரு, இரு'ங்கறா."