வளையத்துக்குள் கோரை

4-3-2015: 212
4-3-2016: 187
4-3-2017: 0
4-3-2018: 241

ஆண்டுக்கொரு முறை இரும்பு வளையத்தைச் சதுப்பில் வீசி, அது விழுந்த வட்டத்துக்குள் நிற்கும் கோரைத் தண்டுகளை எண்ணுவது அரசு ஊழியரான அவருடைய வேலை. பத்து வீச்சு, பத்தின் கூட்டுத்தொகை அந்த ஆண்டின் பதிவு. அலுவலகத்தில் அவருக்கு வளையக்காரம்மா என்று பெயர். ஒவ்வொரு தண்டையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்க்காமல் கணக்கில் சேர்க்கமாட்டார். "புல்லு கண்ணை ஏமாத்தும். கோரைக்கு மூணு பக்கம், விரலுக்குத் தெரிஞ்சிடும்" என்பார். எண்ணாத இடத்தை மிதித்துவிடாமல், வந்த தடத்திலேயே திரும்புவார்.

2017இல் எண்ணப் போனபோது மழை பொய்த்திருந்தது. சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு தண்டுகூட இல்லை. ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தார். அடியில் கிழங்கு ஈரமாக, உயிரோடு இருந்தது. படிவத்தில் தண்டுக்குத்தான் கட்டம் உண்டு, கிழங்குக்குக் கிடையாது. பூச்சியம் போட்டார்.

"ஓரத்துல ஒரு வரி எழுதினா என்னக்கா?" வீட்டில் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள் தங்கை.

"முன்னாடி ஒருதரம் எழுதினேன், சிவப்பு மையில அடிச்சுத் திருப்பி அனுப்பினாங்கடி. எண்ணினதை மட்டும் எழுதணுமாம்."

"ஆமா, கணக்குக்குன்னே பொறந்த மகராசி!"

மறு ஆண்டு நல்ல மழை. இடுப்புயரக் கோரைக்குள் 241 எண்ணிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கரையில் எல்லைக்கல் நட்டிருப்பதைக் கண்டார். விசாரித்தார். முந்தைய ஆண்டின் பூச்சியத்தைக் காட்டி, சதுப்பைத் தரிசு என்று மாற்றிக் கிடங்கு கட்டக் கொடுத்துவிட்டார்கள்.

நான்கு மனு எழுதினார். ஒவ்வொன்றிலும் புது எண்ணிக்கை, கிழங்கைப் பற்றி இரண்டு பக்கம். முதல் மூன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில். அதற்குள் லாரிகள் மண் கொட்டத் தொடங்கின. தங்கை கேலி பேசுவதை விட்டுவிட்டாள்.

"திட்டேன்டி, பரவாயில்ல."

"எதுக்குக்கா? நீ என்ன பொய்யா எழுதினே?"

"பார்த்ததை எழுதலையே."

நான்காவது பதிலில், மனு தள்ளுபடி என்று ஒற்றை வரி இருந்தது. கூடவே பூச்சியம் போட்ட அந்தப் படிவத்தின் நகல். அடியில் இருந்த தன் கையெழுத்தை எச்சில் தொட்ட கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. பிறகு கடிதத்தின் மேல்மூலையில், அது வந்து சேர்ந்த தேதியைக் குறித்தார்: 19-9-2018.