நிறம் ஏறாத கட்டி

ஆஸ்பத்திரியில் சாயக்கார அண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடி கழுவ வந்த மனுஷர். யாரும் சொல்லித்தராமலே தொழிலைக் கைக்குள் கொண்டுவந்தார். நோயாளியின் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார். அதை வைத்துத்தான் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா நோயைக் கண்டுபிடிப்பார். அண்ணன் ஏற்றிய சாயம் ஒருநாளும் சொதப்பியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை.

அப்போதுதான் ஒரு வெல்டரின் நெஞ்சுக்குள் கட்டி. வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. முதல் பார்வைக்கு நிணநீர்ப் புற்று போலிருந்தது. அதற்கான சாயங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. நுரையீரல் புற்றோ என்றால் அதுவும் ஒத்துவரவில்லை. "சரியான வேஷக்காரக் கட்டியா இருக்கே" என்றார் டாக்டரம்மா. ஊசியில் எடுத்த சதையோ நகக்கண் அளவு. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல் போய், இரண்டே சீவல் மிஞ்சியது. இன்னொரு ஊசிக்கு வெல்டரின் மூச்சு இடங்கொடுக்காது. மறுநாள் மருந்து ஏற்றியாக வேண்டும். எதை ஏற்றுவது?

டாக்டரம்மா புதுச் சாயம் ஒன்று சொன்னார். நல்ல செல்லின் நடுவில் இருக்கும் ஒரு புரதத்தை அது பழுப்பாகக் காட்டும். அண்ணன் ஏற்றிப் பார்த்தார். கட்டி முழுக்க வெளிறிக் கிடந்தது. தன் சாயம் சொதப்பிவிட்டது என்றே நினைத்தார். வெளியே தெரிந்தால் மானம் போகும். கடைசிச் சீவலில் கமுக்கமாக மறுபடி ஏற்றிவிடலாம் என்று சாயக் குப்பியைத் திறந்தார்.

"அண்ணே, அது எதுக்கு?"

பின்னால் டாக்டரம்மா. அண்ணன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா வெளிறிய தகட்டை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"நடுவுல மட்டும் பாத்தீங்களா, ஓரத்தையும் பாத்தீங்களா?"

அண்ணன் குனிந்தார். ரத்தக்குழாயும் அதை ஒட்டிய நல்ல செல்களும் அருமையான பழுப்பு. கட்டியின் செல்கள் மட்டும் வெளிறல்.

"சாயம் பிடிச்சிருக்குண்ணே. கட்டிகிட்டதான் அந்தப் புரதமே இல்ல."

"இல்லாததுதான் அடையாளமா?"

"ஆமா. அபூர்வமான ரகம். நானே புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

இத்தனை வருஷமும் நிறம் ஏறிய இடத்தையே தேடிய கண், ஏறாத இடத்தை விட்டு நகர மறுத்தது. தள்ளி உட்காருங்கள் என்று டாக்டரம்மா இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசிச் சீவலில் வேறொரு சாயம் ஏற்றி உறுதி செய்துகொண்டார்கள். உத்தேசமாகச் சொல்லிவைத்திருந்த நிணநீர்ப் புற்று மருந்தைக் கலக்க வேண்டாம் என்று டாக்டரம்மா வார்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, வராந்தா பெஞ்சில் காத்திருந்த வெல்டரின் அக்காவிடம் போனார். அண்ணனும் கூடவே போனார்.

"என்னன்னு தெரிஞ்சிடுச்சுல்ல டாக்டர், பொழச்சுக்குவானா?"

"பொல்லாத வியாதிம்மா. வாக்குக் குடுக்க முடியாது. ஆனா தப்பான மருந்து ஏறாது. இதுக்குண்டானத நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று எழுந்து வார்டுக்குள் போனாள்.