பதினோரு நிமிஷத்தில் அணையும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டதும் நல்ல பிள்ளையாக எழுந்து உட்காரும். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பொட்டென்று அணைந்துவிடும். முதல் தடவை அது அணைந்தபோது, என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை என் வீட்டுக்காரர். "நீ இன்னா பண்ண?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நான் என்ன பண்ணினேன்? படம் வரைந்துகொண்டிருந்தேன். சென்னையில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ் எனக்கு டெஸ்ட் கொடுத்திருந்தது. பதினாலு பாகங்கள் கொண்ட ஒரு ஃபிக்ஸ்சர், அதாவது வெல்டிங் பண்ணும்போது பீஸைப் பிடித்துக்கொள்ளும் சட்டம். ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வரைந்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம் போட்டு, சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இத்தனை வருஷத்தில் அந்தப் படிப்பைக் கேட்டு வந்த முதல் வேலை அது. புதன்கிழமை கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தபோது ஒன்பது பாகம் முடித்திருந்தேன்.

டிப்ளமோவை வைத்துக்கொண்டு அதுவரை என்ன செய்தேன் என்றால், ஒரகடத்தில் கார் சீட் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் லைனில் நின்றேன். அதே கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ். பிள்ளை பிறந்ததும் நான் வேலையை விட்டு நின்றுகொண்டேன், அவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். ஊர் மெஷினையெல்லாம் பார்க்கிற மனுஷன், வீட்டு மெஷினைப் பார்க்க மாட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தார். புதன்கிழமை வைரஸ் என்றார். நான் கண்டதையும் கிளிக் பண்ணுகிறேனாம். வியாழக்கிழமை பிளக் போர்டை மாற்றினார். அப்போதும் அணைந்தது. உடனே, நான் ஒரே நேரத்தில் நூறு ஜன்னல் திறந்து வைப்பதாகக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை காலை, ஃபார்மட் அடிக்க ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆள் சொல்லியாச்சு, சனிக்கிழமை நாலு மணிக்கு வருவான் என்று அறிவித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஃபார்மட் அடித்தால் வரைகிற சாஃப்ட்வேரும் போய்விடும். கூடப் படித்த தோழி ஒருத்தி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தது அது. வரைந்தவரைக்கும் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் சாஃப்ட்வேர் இல்லாமல் பென் டிரைவை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? சாயந்திரம் வந்ததும் இதையெல்லாம் சொன்னேன். படம் எங்கேயும் ஓடிவிடாது, மெதுவாக வரைந்துகொள்ளலாம் என்றார். டெஸ்ட் என்று ஒன்று இருப்பதே அந்த மனுஷன் மண்டையில் ஏறவில்லை.

இந்தக் கம்பெனி ஆட்கள் வழக்கம் எனக்குத் தெரியாததா? கம்பெனியில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஒரு தாள் எடுப்பார்கள். அதில் ஐந்து 'ஏன்' இருக்கும். ஏன் ரிஜெக்ட், அது ஏன், அதற்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே ஆரம்பித்தாலும் கடைசி ஏனுக்குப் பதில் ஒன்றுதான்: ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி தேவை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரு தடவை என் ஃபிக்ஸ்சரில் பீஸை நிறுத்திப் பிடிக்கிற இரும்புப் பின் தேய்ந்து பீஸ் கோணலாக உட்கார்ந்தது. நான் முன்கூட்டியே சொல்லியும் என் தலையில்தான் கட்டினார்கள். கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் பத்து நாள் தொங்கவிட்டார்கள். அந்தப் பின் சரியாக இருக்கிறது என்று அதில் கையெழுத்துப் போட்ட மெயின்டனன்ஸ் ஆள் வேறு யாருமில்லை, இவர்தான். அப்புறம் கேன்டீனில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பின்னு தேஞ்சுதான் இருந்துச்சு, ஆனா அத எழுத முடியாதுமா" என்றார். உண்மையைச் சொல்கிறாரே என்று அன்றைக்கு மயங்கினேன், கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். எழுத முடியாது என்றதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும் நான்.

சனிக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். விடியும் முன்னே கிளம்பிவிட்டார். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஒரு பேப்பரும் போனில் ஸ்டாப் வாட்ச்சுமாக உட்கார்ந்தேன். லைனில் நாலு வருஷம் கற்றது அது ஒன்றுதான். எதையும் நேரம் எடுத்துப் பார். சுவிட்சைப் போட்டேன். பதினோரு நிமிஷத்தில் அணைந்தது. உடனே மறுபடி போட்டேன். நாலு நிமிஷம். இன்னொரு தடவை. இரண்டே நிமிஷம். அப்படியே விட்டுவிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து போட்டேன். திரும்பவும் பதினோரு நிமிஷம்.

வைரஸ் என்ன, ரெஸ்ட் எடுத்துவிட்டு வந்தா கடிக்கும்? பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. சுவரோரமாக இருந்ததை இழுத்துத் திருப்பினேன். பின்பக்கம் காற்று போகிற ஓட்டை முழுக்க வெள்ளைத் துணி. வெள்ளையாக இருந்த துணி.

பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணியபோது அவர் ஒட்டியது. எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில், மண் லாரி போகிற ரோட்டு மேலேயே இருக்கிறது. பெருக்கி முடிப்பதற்குள் மறுபடி தூசி வந்துவிடும். கம்ப்யூட்டருக்குள் தூசி போகக்கூடாதென்று கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற இடத்தில் போடுகிற ஃபில்டர் துணியில் மிச்சம் வாங்கிவந்து, பின்னால், பக்கவாட்டில், ஒரு ஓட்டை விடாமல் டேப் போட்டு ஒட்டினார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். குளிர்காலத்தில் அது தாங்கியது. வெயில் ஏற ஏற, துணியில் மண் அடைய அடைய, பாவம் அந்த மெஷின் மூச்சு விட முடியாமல் தவித்திருக்கிறது. திட்டு மட்டும் எனக்கு.

துணியைப் பிய்த்து எறிந்தேன். அவருடைய ஸ்க்ரூ டிரைவராலேயே பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த அழுக்கைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டேபிள் ஃபேனை நேராக அதன் மேல் திருப்பினேன். சுவிட்சைப் போட்டேன். பதினோரு நிமிஷம் தாண்டியது. அரை மணி தாண்டியது. அப்போது மணி பத்தரை. இன்னும் ஐந்து பாகம், அப்புறம் சேர்த்துப் போடுகிற படம். சோறு தண்ணி இல்லாமல் வரைந்தேன்.

சொன்னபடி நாலு மணிக்கு ஃபார்மட் ஆளோடு வந்து நின்றார். தகடு கழன்ற பெட்டியைப் பார்த்ததும் அவருக்குப் பதறிவிட்டது. தூசி போகுமே என்று சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். கல்யாணமாகி அதுவரை நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"யோவ், கை வெச்ச, நடக்கறதே வேற."

கை அப்படியே நின்றது. வந்த ஆள் கீழே கிடந்த துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இதைப் போட்டு மூடினால் எந்த மெஷின் சார் ஓடும் என்று கேட்டுவிட்டு, இதற்கு ஃபார்மட் எதற்கு என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் படி இறங்கியதும் இவர் ஆரம்பித்தார்.

"இத வாரா வாரம் நீ தொடச்சிருக்கணும்."

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. நாலு ஐம்பதுக்குப் படத்தை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று வந்த பிறகுதான் எழுந்தேன். காலையில் நேரம் குறித்த பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன். ஏன் அணைந்தது? சூடு. ஏன் சூடு? காற்று போகவில்லை. ஏன்? ஓட்டை அடைபட்டிருந்தது. ஏன்? துணி ஒட்டியது. ஏன் ஒட்டியது? ஆபரேட்டர் கவனக்குறைவு. மறுபயிற்சி தேவை. தேதிக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

படித்தார். முகம் சுண்டிப்போனது. கம்பெனி ஆட்கள் வருகிற வீடு, எடுத்துவிடு என்றார்.

"எம் பேரு போர்டுல பத்து நாள் தொங்குச்சு," என்றேன். "இதுவும் தொங்கட்டும்."

பத்து நாளும் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அது அவர் மூஞ்சிக்கு நேராக இருந்தது. இடையில் அந்த ஆபீஸிலிருந்து வரும் திங்கட்கிழமை சேரச் சொல்லி மெயில் வந்தது. அதைச் சொன்னபோது நல்லது என்றார், அவ்வளவுதான். பதினோராம் நாள் காலையில் அவர் கிளம்பிப் போன பிறகு தாளைக் கழற்றினேன். கையெழுத்துப் போட்டிருந்தது. எப்போது போட்டாரோ தெரியாது. மெயின்டனன்ஸ் என்று பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. ஆபரேட்டர் என்ற இடத்தில்தான் போட்டிருந்தார்.

மறுபயிற்சிக்குத் தேதி மட்டும் போடாமல் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்று நானே எழுதி, பெயின்ட் பிரஷ்ஷோடு சேர்த்து அவர் தலைமாட்டில் வைத்தேன்.